பண்ணும் பதமும்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து இசைப்பெயர்களும் அறிவியற்பெயர்களும்

ஆய்வுச்சுருக்கம்

பெயர் என்பது பொருளைச் சுட்டும் அடையாளம் மட்டுமன்று. பொருளைப் பற்றிய அறிவையும் அதனைக் கையாளும் மக்களைப் பற்றிய மதிப்பீட்டையும் அது சுமந்து வருகிறது. இசையும் அறிவியலும் பெயரிடுதலைத் தனி முறையாக வளர்த்துக்கொண்ட துறைகள். இவ்விரு துறைகளின் பெயர்களும் ஒரே மூலப்பொருளாகிய தோலின்மீது சந்திக்கும் இடமாக வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் வட்டாரம் அமைகிறது. ஊர்ப்பெயர், தோற்கருவிப் பெயர், பதனிடு பொருள்களின் பெயர், கலைஞர் பெயர் ஆகிய நான்கு தளங்களில் இக்கட்டுரை பெயர்களை ஆராய்கிறது. பொருளின் பெயர் பொருள் மாறிய பின்னும் நிலைக்கிறது; தோலைத் தொட்டு உழைத்தவரின் பெயரோ இழிவுப்பெயராகத் திரிகிறது, அல்லது பதிவே பெறாமல் மறைகிறது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பெயரிலக்கணம், தோற்கருவி, பறை, மிருதங்கம், ஆவாரை, குரோமியம், கலைச்சொல்லாக்கம், ஆம்பூர், வேலூர்.

முன்னுரை

பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாலும் காலணி ஏற்றுமதியாலும் இன்று அறியப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆட்சி எல்லைகள் பிரிந்தாலும் தொழில் இவ்வூர்களை ஒரே வட்டாரமாகப் பிணைத்து வைத்துள்ளது.

இவ்வட்டாரத்தைப் பொருளியலும் சூழலியலும் நிரம்பவே ஆராய்ந்துள்ளன. மொழி நோக்கிலும் இசை நோக்கிலும் அது போதிய கவனம் பெறவில்லை. தோல் என்னும் ஒரே பொருள் ஒருபுறம் முழவாகி இசைத்துறைக்குள்ளும், மறுபுறம் பதனிட்ட தோலாகி வேதியியலுக்குள்ளும் செல்கிறது. தோல் என்ற சொல்லோ யாப்பியலுக்குள்ளும் சென்றிருக்கிறது. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் தோல் என்பதும் ஒன்று. ஒரு சொல் இத்தனை துறைகளுக்குள் நுழையும்போது, அதனைச் சுற்றி எழும் பெயர்கள் எவற்றை வெளிப்படுத்துகின்றன, எவற்றை மறைக்கின்றன என்று வினவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர் பற்றிய இலக்கண நோக்கு

எல்லாச் சொல்லும் பொருள் குறிப்பன என்று கொண்ட தொல்காப்பியர், ஒரு சொல் ஒரு பொருளைக் குறிப்பதற்கான காரணம் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை என்றும் உரியியலில் எச்சரிக்கிறார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. அது எளிதில் புலப்படாது என்றே கூறுகிறார். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்து, அவற்றைப் பொதுவும் சிறப்புமாக விரிக்கிறார்.

இப்பகுப்பு, பெயரிடும் துறைகளை அளந்தறிய ஏற்ற கருவியாகும். அறிவியல் தன் பெயர்களைக் காரணப்பெயர்களாக அமைக்க முயல்கிறது. உயிரினங்களுக்கு லின்னேயஸ் வகுத்த இருசொற் பெயர்முறை, முதற்சொல்லில் பேரினத்தையும் இரண்டாம் சொல்லில் சிற்றினத்தையும் காட்டி, பெயரையே வகைப்பாட்டின் முகவரியாக மாற்றியது. தென்னக இசையிலும் இதற்கு நிகரான முயற்சி உண்டு. வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் வகுத்த 72 மேள அமைப்பிற்குப் பிற்காலத்தார் சூட்டிய பெயர்களில், முதல் இரண்டு எழுத்துகள் கடபயாதி முறைப்படி மேளத்தின் எண்ணைத் தருகின்றன. பழைய சங்கராபரணம் ‘தீர’ என்னும் முன்னொட்டைப் பெற்று 29ஆம் மேளமாகவும், கல்யாணி ‘மேச’ என்னும் முன்னொட்டைப் பெற்று 65ஆம் மேளமாகவும் குறிக்கப்பட்டன.

இவ்விரு முறைகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. வழக்கிலிருந்த பெயரை நீக்காமல், அதன்மீது ஒழுங்கு முறையின் குறி ஏற்றப்படுகிறது. பாடுவோர் இன்றும் சங்கராபரணம் என்றே கூறுகின்றனர். முன்னொட்டு மேளக்கணக்கிற்கே பயன்படுகிறது. வழக்குப்பெயரும் முறைப்பெயரும் இவ்வாறு அருகருகே வாழும்போது எது எதனை மேற்கொள்கிறது என்பது அறிவின் அதிகாரம் சார்ந்த வினாவாகிறது. தோல் வட்டாரத்தில் இவ்வினா கூர்மை பெறுகிறது.

2. ஊர்ப்பெயரும் காரணம் கற்பித்தலும்

வாணியம்பாடி என்னும் பெயருக்கு இசை சார்ந்த காரணம் ஒன்று அவ்வூரில் வழங்குகிறது. சாபத்தால் குரலிழந்த வாணி அவ்வூர் இறைவன் அருளால் குரல் பெற்றுப் பாடினாள். எனவே ஊர் வாணியம்பாடி ஆயிற்று என்பது தலவழக்கு. ‘பாடி’ என்பதை வினையெச்சமாகவோ வினையாலணையும் பெயராகவோ செவி கொள்வதால் இக்கதை பிறக்கிறது. பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் ஊர்ப்பெயர் ஈறு. அண்மையிலுள்ள காட்பாடியிலும் அதுவே அமைந்துள்ளது. உரையாசிரியர்கள் முல்லை நிலத்து ஊர்களுக்குரிய பெயராகப் பாடியைக் காட்டுவர். முற்பகுதியை வாணியர் என்னும் வணிகக் குடியோடு இணைப்பது ஊர்ப்பெயர் மரபிற்கு இயைந்த விளக்கமாகும்.

தலவழக்கைப் பிழையென ஒதுக்குவது எளிது. ஆயினும் அது மற்றொரு செய்தியைத் தருகிறது. குடிப்பெயரும் தொழிற்பெயரும் கேட்கக்கூடிய இடத்தில் மக்கள் தெய்வத்தையும் இசையையும் கேட்க விரும்பியுள்ளனர். பெயருக்குக் காரணம் கற்பிக்கும்போது உழைப்பின் இடத்தில் உயர்வு வைக்கப்படுகிறது. இம்மனப்போக்கு பின்வரும் பிரிவுகளிலும் தொடர்வதைக் காணலாம்.

ஆம்பூரில் கிடைத்த நிருபதுங்க பல்லவன் காலத்து நடுகற்கள் ஆநிரை கவரவந்த படையோடு பொருது வீழ்ந்த வீரர்களைப் பற்றியவை. அவற்றில் ஊர் ஆமையூர் என்று குறிக்கப்படுகிறது. ஆநிரை வளமும் பாடி என்னும் முல்லைப்பெயரும் இவ்வட்டாரத்தின் பழைய கால்நடை வாழ்வைக் காட்டுகின்றன. ஆனால் இதனைக் கொண்டு இன்றைய தோல் தொழில் ஆயிரமாண்டுத் தொடர்ச்சியுடையது என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஏற்றுமதியை நோக்கிய பதனிடும் தொழில் குடியேற்ற ஆட்சிக்கால வணிகத்தின் விளைவு. பெயரின் பழமை தொழிலின் பழமைக்குச் சான்றாகாது என்னும் எச்சரிக்கை ஊர்ப்பெயராய்வில் பேணப்பட வேண்டும்.

3. தோற்கருவிகள்: பெயரும் தரவரிசையும்

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு எனப் பகுப்பது தமிழ் மரபு. நாட்டிய சாத்திரம் கூறும் நால்வகைப் பகுப்பும், 1914இல் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் வெளியிட்ட கருவி வகைப்பாடும் ஒலி பிறக்கும் முறையை முதன்மையாகக் கொள்கின்றன. தமிழ்ப்பெயர்களோ கருவி எதனால் ஆயது என்பதை முன்னிறுத்துகின்றன. தோற்கருவி என்னும் பெயரிலேயே மூலப்பொருள் மறைவின்றி நிற்கிறது.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், சல்லிகை, கரடிகை, திமிலை, குடமுழா, தக்கை, கணப்பறை, தண்ணுமை, தடாரி, முழவு, மொந்தை, முரசு, நாழிகைப்பறை, துடி, பெரும்பறை முதலிய முப்பதிற்கும் மேற்பட்ட தோற்கருவிகளைப் பட்டியலிடுகிறார். இப்பெயர்களின் காரணங்கள் பலதிறத்தன. இடக்கை இசைக்கும் கையாலும், கரடிகை ஒலியின் ஒப்புமையாலும், நாழிகைப்பறை பயனாலும், குடமுழா வடிவாலும் பெயர் பெற்றன. இசையிடனாகிய கருவிகளுக்கெல்லாம் தளமாதலின் மத்தளம் என்று பெயராயிற்று என அவர் தரும் விளக்கம், பெயர்க்காரணத்தின் வழியே கருவிக்குத் தலைமை வழங்குகிறது.

அவர் பட்டியலோடு நின்றுவிடவில்லை. மத்தளம் முதலியவற்றை உத்தமமான அகமுழவு என்றும், தண்ணுமை முதலியவற்றை மத்திமமான அகப்புறமுழவு என்றும், கணப்பறை முதலியவற்றை அதமமான புறமுழவு என்றும் பகுக்கிறார். அகம், புறம் என்னும் இலக்கணச் சொற்கள் இங்குக் கருவிகளின் தகுதிச் சொற்களாகின்றன. பறை என்னும் பொதுப்பெயர் தாங்கிய கருவி கீழ்வரிசையில் இடம்பெறுவது கருதத்தக்கது. தொல்காப்பியக் கருப்பொருளில் பறை ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொதுக்கருவியாக இருந்தது. தொண்டகம், ஏறுகோட்பறை, மீன்கோட்பறை முதலிய நிலவழிப் பறைகளை உரையாசிரியர்கள் காட்டுவர். நிலம் வகுத்த பெயர்முறைக்கும் தரம் வகுத்த பெயர்முறைக்கும் இடையிலான தொலைவு, சமூகம் கடந்துவந்த தொலைவுமாகும்.

மிருதங்கம் என்னும் பெயர் மற்றொரு வகையில் ஆய்வுக்குரியது. மண்ணாலான உடலையுடையது என்பது அவ்வடமொழிச் சொல்லின் பொருள். இன்றைய மிருதங்கம் பலாமரத்தால் செய்யப்படுகிறது. மண் போயிற்று, பெயர் நின்றது. காரணப்பெயர் காரணம் நீங்கியபின் இடுகுறியாக வாழ்வதற்கு இது தக்க சான்று. இப்பெயரில் மண் உண்டு, மரம் இல்லை, தோலும் இல்லை. ஆனால் பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் இன்றி அக்கருவி இசைப்பதில்லை. தோற்கருவி என்னும் வகைப்பெயர் வெளிப்படையாகக் கூறியதை மிருதங்கம் என்னும் தனிப்பெயர் கூறாமல் விடுகிறது. கச்சேரி மேடைக்கு உகந்த பெயராக அது நிலைத்தமைக்கு இம்மௌனமும் துணைசெய்தது எனக் கருத இடமுண்டு.

4. பறை: கருவிப்பெயர் குடிப்பெயரான வரலாறு

பறை என்பது கருவியையும், சொல்லுதல் என்னும் வினையையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒரே அடியின என்று கொண்டு, பறை பேசும் கருவி என்று விளக்குவது அண்மைக்காலப் பண்பாட்டு எழுத்துகளில் பெருவழக்கு. பழைய போர்ப்பறையும் சாற்றுப்பறையும் செய்தி அறிவித்தவை என்பதால் இவ்விணைப்பு பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் பறையின் மதிப்பு இச்சொற்பிறப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை. கருவிக்குப் பெருமை சேர்க்கச் சொற்பிறப்பைத் தேடுவது, வாணியம்பாடித் தலவழக்கில் கண்ட அதே மனப்போக்கின் மறுவடிவம்.

கருவிப்பெயர் குடிப்பெயராகி, ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, விலக்கப்பட்டோரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிய வரலாறு பெயராய்வில் இன்றியமையாதது. ஆங்கிலத்தில் அச்சொல் அரசியல் வழக்கில் பரவியதோடு உயிரியல் வழக்கிலும் புகுந்தது. தெருநாய் வகையொன்றும் பருந்து வகையொன்றும் அப்பெயரை அடைமொழியாகப் பெற்றன. ஒரு தோற்கருவியின் பெயர் மக்களின் பெயராகி, மக்களின் பெயர் விலங்கின் பெயராகிய இப்பாதையில், நடுநிலையானது என்று கருதப்படும் அறிவியற்பெயரிடல் சமூக இழிவைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. இலத்தீன் முறைப்பெயர் நடுநிலையாக இருக்க, அதனருகே வாழ்ந்த வழக்குப்பெயர் இழிவைச் சுமந்தது.

இதற்கு எதிரான பெயரரசியல் தமிழ்நாட்டில் இரு வழிகளில் நிகழ்ந்தது. ‘பறையன்’ என்னும் பெயரையே இதழின் தலைப்பாக்கிய இரட்டைமலை சீனிவாசன், இழிவேற்றப்பட்ட பெயரைக் கைவிடாமல் மீட்க முயன்றார். அயோத்திதாசர் அப்பெயரை மறுத்துத் திராவிடர், தமிழன் என்னும் பெயர்களை முன்வைத்தார். 1907இல் அவர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் பெயர் பெற்றது. 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. மீட்டலும் மாற்றலும் ஆகிய இவ்விரு வழிகளும் இசையிலும் காணப்படுகின்றன. தப்பு, தப்பாட்டம் என்னும் பெயர்கள் பிழை என்னும் பொருளோடு ஒலியொப்புமை கொண்டிருப்பதால் அவற்றைத் தவிர்த்துப் பறையிசை, பறையாட்டம் என்று வழங்கும் கலைக்குழுக்கள் மீட்டல் வழியைத் தேர்ந்துள்ளன.

5. பதனிடு பொருள்கள்: துவரும் நிறமும்

தோல் பதனிடும் தொழிலின் பெயர்கள் மொழியாய்வுக்கு வளமானவை. பதனிடுதல் என்னும் சொல் பதம் என்பதிலிருந்து வருகிறது. உரிய நிலை எய்துதலே பதம். சோறும் மண்ணும் பாகும் பதம் பெறுவதுபோல் தோலும் பதம் பெறுகிறது. ஆங்கிலச் சொல் மரப்பட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, கருவிப்பொருளைச் சுட்டுகிறது. தமிழ்ச்சொல் விளைவைச் சுட்டுகிறது. வேதியியலில் டானின் எனப்படும் பொருளுக்கும் அப்பட்டைப் பெயரே அடி.

டானினைக் குறிக்கத் தமிழில் துவர்ப்பு என்னும் சுவைப்பெயரே போதிய விளக்கம் தருகிறது. டானின்கள் புரதங்களோடு பிணைவன. உமிழ்நீர்ப் புரதங்களோடு அவை பிணையும்போது நா துவர்ப்பை உணர்கிறது. தோலின் கொலாஜன் புரதத்தோடு அவை பிணையும்போது தோல் அழுகாத நிலையை எய்துகிறது. நாவில் நிகழ்வதும் தொட்டியில் நிகழ்வதும் ஒரே வகை வினை. சுவையின் பெயரால் வினையை உணர்த்தும் துவர் என்னும் சொல், பட்டையின் பெயரால் அமைந்த டானினைவிட அறிவியற் காரணத்திற்கு அணுக்கமானது.

இவ்வினைக்குப் பயன்பட்ட ஆவாரையின் பெயர்களை ஒப்பிடலாம். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலிலும் மடலேறுவோர் சூடும் மலராகவும் சங்க இலக்கியத்தில் ஆவிரை இடம்பெறுகிறது. லின்னேயஸ் 1753இல் இதற்குக் காசியா ஆரிகுலேட்டா என்று பெயரிட்டார். செவி போன்ற உறுப்புடையது என்பது இரண்டாம் சொல்லின் பொருள். இலையடிச் செதிலின் வடிவம் அதற்குக் காரணம். இன்று இது சென்னா பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. பேரினப்பெயர் மாறியது; செவிவடிவம் என்னும் அடை மாறவில்லை. ஆங்கில வழக்குப்பெயரோ இதனைத் தோல் பதனிடுவோரின் காசியா என்கிறது. இலக்கியப்பெயர் காதலையும், முறைப்பெயர் வடிவத்தையும், வழக்குப்பெயர் தொழிலையும் நினைவூட்டுகின்றன. மூன்றும் ஒரே செடி. அதனை ஒருங்கே அறிய மூன்று பெயர்களும் தேவை.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னகத் தோல் உலகச் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயர் பெற்றது. கிழக்கிந்தியக் கும்பினி 1874இல் கலைக்கப்பட்டது. பின்னர் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பெருமளவு பிடித்தது. கும்பினியும் பட்டையும் போனபின்னும் வணிகப்பெயர் நீடித்து, புவிசார் குறியீட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றது. மண் நீங்கியபின்னும் மிருதங்கம் என்று வழங்குவதற்கு இது இணையானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் முன்னெடுத்த குரோம் பதனிடும் முறை, பிற்காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிலின் அடித்தளமாயிற்று. 1797இல் வோக்லேன் கண்டறிந்த இத்தனிமம், அதன் சேர்மங்கள் பல நிறங்காட்டியமையால், நிறம் எனப் பொருள்படும் குரோமா என்னும் கிரேக்கச் சொல்லால் பெயர் பெற்றது. அச்சொல் கிரேக்க இசையியலில் ஓர் இசைவகையின் பெயராகவும் விளங்கியது; மேலையிசையில் பன்னிரு அரைச்சுரங்கள் அடங்கிய வரிசை இன்றும் அதன் பெயரடையையே தாங்குகிறது. வடமொழி ராகம் என்பதும் நிறமூட்டுதலைக் குறிக்கும் அடியிலிருந்து வந்தது; நிறம், சாயம் என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. ஆக, கிரேக்கமும் வடமொழியும் இசையை நிறமாகக் கண்டு பெயரிட்டன.

தமிழ் வேறு வழியில் சென்றது. பண் என்பது பண்ணப்பட்டது, ஏற்ற நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. உடலின் எட்டு இடங்களில், எடுத்தல் முதலிய எட்டு வினைகளால் பண்ணிப்படுத்தமையால் பண் எனப் பெயர் பெற்றது என்று பழைய உரைமரபு விளக்குகிறது. ராகமும் குரோமாவும் விளைவின் தோற்றத்தால் பெயர் பெற்றவை. பண்ணும் பதமும் செய்வினையால் பெயர் பெற்றவை. பாடற்பண்ணையும் தோற்பதத்தையும் செய்வினையின் சொற்களால் குறித்த மொழி, இசையையும் கைத்தொழிலையும் ஒரே நோக்கில் கண்டது என்று கூறலாம். அந்நோக்கு சமூக மதிப்பீட்டில் தொடரவில்லை என்பதே சிக்கல். பண் அமைத்தவர் பெருமையுற்றார். தோலைப் பதப்படுத்தியவர் விலக்கப்பட்டார்.

குரோமியம் என்னும் பெயர் மற்றொரு சிக்கலையும் உடையது. பதனிடுதலுக்குப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமிய உப்பு. புற்றுநோய் விளைவிக்கும் கடுநச்சாக அறியப்படுவது ஆறிணைதிறக் குரோமியம். இவை வேதிப்பண்பால் வேறுபட்டவை. சில சூழல்களில் முன்னது பின்னதாக மாறவும் கூடும். செய்திகளிலும் பொதுவழக்கிலும் இரண்டும் குரோமியம் என்னும் ஒரே பெயரால் குறிக்கப்படுகின்றன. பெயரின் இப்பொதுமை இருபக்கமும் தீங்கு செய்கிறது. ஒரு தரப்பு ஆறிணைதிற வடிவத்தின் அச்சத்தை எல்லாத் தோலின்மீதும் ஏற்றுகிறது. மறுதரப்பு மூவிணைதிற வடிவத்தின் ஒப்பீட்டுப் பாதுகாப்பைக் காட்டி எல்லாக் கழிவையும் நியாயப்படுத்துகிறது. இராணிப்பேட்டைக் குரோமேட் கழிவின் அருகே வாழ்பவருக்கு இவ்வேறுபாடு குடிநீர் பற்றிய வேறுபாடு. சிறப்புப்பெயர் வேண்டிய இடத்தில் பொதுப்பெயர் வழங்குவது இங்கு உயிர்நலத்தைத் தொடுகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதனால் வேலூர் என்னும் ஊர்ப்பெயர் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு கோட்பாட்டின் அடையாளமாகவும் வழங்குகிறது.

தொழிற்கூடப் பெயர்களுள் டிரம் என்பதும் சுட்டத்தக்கது. தோலை வேதிநீரோடு சுழற்றும் பெரிய மர உருளை, முழவின் வடிவொப்புமையால் இப்பெயர் பெற்றது. இசையில் தோல் முழவின்மேல் கட்டப்படுகிறது. ஆலையில் தோல் டிரம்மின் உள்ளே சுழல்கிறது. முழவுக்கு வேண்டியது பதனிடாது உலர்த்தி விறைப்பேற்றிய தோல். அது அதிர்வைத் தாங்கி ஒலிக்கும். குரோம் பதனிட்ட தோல் மென்மையும் துவள்வும் உடையது. காலணிக்கு ஏற்றது, ஒலிக்காது. தமிழில் இரண்டும் தோல் என்னும் ஒரே பெயர் பெற்றாலும் பச்சைத்தோல், பதனிட்ட தோல் என்னும் அடைகளே அவற்றின் வேறுபட்ட ஊழைக் குறிக்கின்றன.

6. முழவின் அறிவியலும் செய்வோர் பெயரும்

வட்டமான சீரான தோற்பரப்பின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு முழுஎண் விகிதத்தில் அமைவதில்லை. எனவே பொதுவான முழவின் ஒலி சுருதி தெளிவற்றது. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்கு என்பதை சி.வி. இராமன் சிவகாளி குமாருடன் 1920இல் நேச்சர் இதழில் வெளியிட்ட குறிப்பிலும், 1934இல் இந்திய அறிவியற் கழகத்தின் நடவடிக்கைகளில் வெளியிட்ட கட்டுரையிலும் நிறுவினார். வலந்தலையின் நடுவில் ஏற்றப்படும் கரிய பூச்சு தோலின் அதிர்வுகளை மாற்றி, முதல் ஒன்பது இயல்பதிர்வுகளை இசைவான ஐந்து சுரங்களாகத் தொகுக்கிறது என்பது அவ்வாய்வின் சாரம்.

இயற்பியல் இவ்வதிர்வுகளை எண்களால் பெயரிடுகிறது. செய்வோரும் வாசிப்போரும் வலந்தலை, இடந்தலை, தொப்பி, மீட்டு, சாப்பு, கரணை, சோறு, வார், வெட்டுத்தட்டு, கொட்டுத்தட்டு என்னும் பெயர்களால் அதே கருவியை அறிகின்றனர். எண்பெயர்கள் அதிர்வின் உருவத்தை வரையறுக்கும்; தொழிற்பெயர்கள் அவ்வுருவம் எக்கைவினையால் உண்டாகிறது என்பதைக் காட்டும். கரணையைச் சிறிது சிறிதாகத் தேய்த்தேற்றும் ஒருவர் எண்களின் துணையின்றிச் செவியால் அவ்விசைவை அடைகிறார். இவ்வறிவு இயற்பியற் கட்டுரைகளில் கருவியின் பண்பாகவோ பண்டை மரபின் சிறப்பாகவோ பதிவாகிறது. செய்தவரின் அறிவாகப் பதிவாவதில்லை. 1928இல் கண்டறியப்பட்ட ஒளிச்சிதறல் நிகழ்வு இராமன் விளைவு என்று கண்டறிந்தவர் பெயரால் வழங்குகிறது. அறிவியல் தன் மரபிற்குள் உரியவர் பெயரைப் பேணும் முறையை அறிந்ததே. அம்முறை முழவு செய்வோர் வரை நீளவில்லை.

இசைமரபிலும் நிலை இதுவே. கருநாடக இசைக்கலைஞர் பெயரின்முன் ஊர்ப்பெயர் நிற்பது வழக்கு. 2004ஆம் ஆண்டிற்கான சங்கீத கலாநிதி விருது பெற்ற மிருதங்கக் கலைஞர் வேலூர் ஜி. ராமபத்ரன் (1929–2012) பெயரால் வேலூர் கச்சேரி மேடையில் ஒலித்தது. தோலுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தின் தலைநகர், தோற்கருவிக் கலைஞர் ஒருவரின் பெயரோடு இசையுலகில் நுழைந்தமை பொருத்தமே. ஆனால் அவ்வழக்கு வாசிப்போருக்கே உரியது. மிருதங்கம் செய்தவரின் ஊரோ பெயரோ அழைப்பிதழிலும் இசைத்தட்டின் உறையிலும் இடம்பெறுவதில்லை. ஆம்பூரில் தைக்கப்படும் காலணி அயல்நாட்டு வணிகப்பெயரோடு கடைக்குச் செல்வதும் இதே பெயரியல்புடையது.

டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ இம்மரபில் குறுக்கிட்ட நூல். தஞ்சாவூர் மிருதங்கத் தொழிலின் முன்னோடியான செவிட்டியானையும், பாலக்காடு மணி ஐயருக்குக் கருவி செய்த பர்லாந்தையும் அந்நூல் பெயரோடு பதிவு செய்கிறது. அதன் தலைப்பு ஆய்வுநூற் பெயர்போல் அமையாமல் வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகைபோல் அமைந்துள்ளது. வழக்கில் செவிட்டியான் என்று திரிந்த பெயர், தலைப்பில் செபாஸ்டியன் என்று முழுமை பெறுகிறது. உரிமையாளருக்கே வாய்க்கும் பெயர்ப்பலகை, உரிமை மறுக்கப்பட்டவருக்கு வழங்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூலின் பணி தஞ்சையையும் சென்னையையும் மிகுதியும் சார்ந்தது. வடஆர்க்காட்டுப் பகுதியில் பறையும் பிற தோற்கருவிகளும் செய்வோரின் பெயர்களும் தொழிற்சொற்களும் இத்தகைய பதிவை இன்னும் வேண்டி நிற்கின்றன.

சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அதனை வளர்த்த ஒய். நாயுடம்மாவும் (1922–1985) தோலைத் தீண்டத்தகாத பொருள் என்னும் நிலையிலிருந்து பல்கலைக்கழகப் பாடமாக உயர்த்தினர். தோல் தொழில்நுட்பம் என்னும் பெயர் தோலுக்கு மதிப்புத் தந்தது. அதே தோலைத் தலைமுறையாகக் கையாண்டவரின் சாதிப்பெயருக்கு அம்மதிப்பு தானாக வந்து சேரவில்லை. பொருளின் பெயருக்குக் கிடைத்த விடுதலை மனிதரின் பெயருக்கும் கிடைக்க வேறு போராட்டம் தேவைப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. இசையும் அறிவியலும் வழக்குப்பெயரின்மேல் முறைப்பெயரை ஏற்றுகின்றன. மேளப்பெயர்களும் இருசொற் பெயர்களும் இதற்குச் சான்று. முறைப்பெயர் வழக்குப்பெயருக்கு மாற்றாகாது. ஆவிரைக்கு மூன்று பெயர்களும் வேண்டும்.

2. மிருதங்கம், கிழக்கிந்தியத் தோல் ஆகியன காரணம் நீங்கியபின்னும் நிலைத்த காரணப்பெயர்கள். பெயரின் பழமையைக் கொண்டு பொருளின் பழமையை முடிவு செய்தல் கூடாது.

3. ராகம், குரோமா ஆகியன நிறத்தாலும் பண், பதம் ஆகியன செய்வினையாலும் பெயர் பெற்றவை. தமிழின் பெயரிடுநோக்கு இசையையும் கைத்தொழிலையும் ஒருசேரக் கண்டது. சமூகம் அவற்றைப் பிரித்தது.

4. குரோமியத்தின் இரு வடிவங்களைத் தமிழ் ஊடகங்களும் பாடநூல்களும் தனித்தனிப் பெயரால் வழங்குதல் வேண்டும். பெயர்த்தெளிவு இவ்வட்டாரத்தில் பொதுநலத் தேவை.

5. கலைச்சொல் அகராதிகள் ஆய்வகப்பெயர்களோடு கரணை, வார், பதம் முதலிய தொழிற்சொற்களையும் தொகுத்தல் வேண்டும்; தொகுக்கும்போது சொல்லைத் தந்தவர், அவர் விரும்பினால், பெயரோடு பதிவு பெறவேண்டும்.

காரணம் எளிதில் புலப்படாது என்னும் தொல்காப்பியர் கருத்து சொற்களுக்கு மட்டுமன்று, சொற்களை வழங்கிய மனிதருக்கும் பொருந்துகிறது. பாலாற்றங்கரையின் தோற்கூடங்களிலும் கருவி செய்வோர் இல்லங்களிலும் வழங்கும் சொற்களை அவற்றுக்குரியோர் பெயரோடு தொகுக்கும் களஆய்வு, இசையியலுக்கும் வேதியியலுக்கும் சொல்லாய்வுக்கும் பொதுவான அடுத்த பணியாகும்.